வழுக்கி விழுந்தவர்

தென்காசி
16.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் அறிய ஆவல் என்று இந்தத் தடவை எழுதமாட்டேன். வியாழக்கிழமை உங்கள் கையில் பட்டையைச் சுற்றி நானே பிரஷர் அளந்துவிட்டேன். 190க்கு 110. மூன்று தடவையும் அப்படித்தான்.

நாடு முழுக்க இதயநோய் எதனால் வருகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறோம். எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர்தான் சொல்கிறது. சொந்தக்காரர் வீடென்றால் வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். மருமகள் யோகலட்சுமியைப் பார்க்கும் ஆசையில் நானே வந்தது என் தப்பு.

புகையிலை போடுவீர்களா என்றேன். "எப்பவாவது" என்றீர்கள், கன்னத்தில் அடக்கிக்கொண்டே! சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். பெற்றோரில் யாராவது மாரடைப்பில் இறந்தார்களா என்றதற்கு, "இல்ல, அப்பா குற்றாலத்துல வழுக்கி விழுந்துட்டாவ" என்றீர்கள், என் கண்ணைப் பார்த்தே. அண்ணே, நெஞ்சைப் பிடித்திருந்த அவர் கையைப் பிரிக்க முடியாமல் அழுதது நாம் இரண்டு பேரும்தானே? அவருக்கு அப்போது நாற்பத்தேழு. உங்களுக்கு இப்போது நாற்பத்தாறு.

மண்டியில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம். பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள், நான் கூட நிற்கிறேன்.

உங்கள் தங்கை
மீனா


பாவூர்சத்திரம்
21.6.2025

தங்கச்சி மீனாவுக்கு அண்ணன் எழுதுவது.

ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? இலஞ்சி ஆவுடைநாயகம் அண்ணாச்சி மகனுக்கு என் மகள் யோகலட்சுமியைப் பேசி, தாம்பூலம் மாற்றி, ஆவணியில் முகூர்த்தமும் குறித்தாயிற்று. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "உங்க குடும்பத்துல ஹார்ட் கீர்ட் உண்டா?" என்று கேட்ட மனுஷன் அவர்.

அந்தப் பொய்யை முதலில் யாருக்காகச் சொன்னேன்? உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம். அதைத் தின்றுதானே இன்றைக்குப் புருஷன், பிள்ளை என்று இருக்கிறாய்? அன்றைக்கு இனித்தது இன்றைக்குக் கசக்குதோ?

எனக்கு இருப்பது வாய்வு. சோடா குடித்தால் ஏப்பமாகப் போய்விடும். பெரியாஸ்பத்திரி வாசலில் நம்ம ஊர்க்காரன் பத்துப் பேர் நிற்பான். கல்யாணம் முடியட்டும், வருகிறேன். அதுவரை வாயைத் திறக்காதே.

அண்ணன்
ரத்தினம்


தென்காசி
14.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மதினி போன் செய்தார்கள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறீர்களாம், இடது கை மரத்துப்போகிறதாம். "ஒரு பெட்டி சோடா வாங்கி வச்சிருக்கேன் மீனா" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் எழுதியது உண்மை. அந்தப் பொய்யில்தான் வாழ்ந்தேன். நேற்று இலஞ்சிக்குப் போனேன். கணக்கெடுப்பில் நீங்கள் சொன்னதையோ நான் அளந்ததையோ வாயில் எடுக்கவில்லை. அப்பா எப்படிச் செத்தார் என்று மட்டும் சொன்னேன். ஆவுடைநாயகம் அண்ணாச்சி குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மறைக்க இனி எதுவும் இல்லை அண்ணே. செருப்பால் அடிக்க வேண்டுமென்றாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து அடியுங்கள்.

மீனா


பாவூர்சத்திரம்
2.9.2025

மீனா,

தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு யாருக்கு ஒளிய வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து நாள் தள்ளிப் போயிருந்தால் பிணம்தான் என்றார் டாக்டர். புகையிலையை விட்டுவிட்டேன். பிரஷர் 130. நீ ஜெயித்துவிட்டாய்.

யோகலட்சுமி ஒரு மாதமாக என்னோடு பேசவில்லை. அந்தப் பையனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் எடுப்பதில்லை. நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். சோற்றை முன்னால் வைத்துவிட்டு, "உப்பு போடலப்பா. நீங்க ரொம்ப நாள் இருக்கணும்லா" என்றாள்.

அந்தச் சோற்றைத் தின்றேன்.

உயிரைக் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. இனி இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நீ வர வேண்டாம். நான் செத்தாலும் வராதே.

ரத்தினம்