வெட்டுப்பட்ட நாலு வரி

ஜூன் 17, செவ்வாய்

செய்தி: பிச்சிப்பூ வரத்துக் குறைவு. அனுப்பியது 12 வரி, வந்தது 7, வெட்டுப்பட்டது 5. ஒன்பது வருடமாக இப்படி ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்த பிறகு, இவர் பார்த்த பகுதி நேர நிருபர் வேலை என் கைக்கு வந்தது. எட்டாவது வரை படித்தவளுக்குப் பத்திரிகை வேலை. கோமதி அம்மன் இதற்கு மேல் என்ன தரவேண்டும்? பெயர் வராது, ‘நமது நிருபர்’ என்றுதான் போடுவார்கள். அதனால் என்ன.

பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கில் இருக்கும் செல்வக்குமார் தம்பி எப்போதும் கீழிருந்துதான் வெட்டுவார். எனக்குப் பிடித்ததெல்லாம் கீழேதான் இருக்கும். இன்று போனது, பூ இல்லாமல் வெறும் நாரை முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா. நோட்டில் ஏற்றிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

கதை எடுத்துக்கொண்டார்கள். என் கதை!

திருநெல்வேலியிலிருந்து வரும் கதைப் பத்திரிகையின் ஆசிரியர் சாஜிதா பானு போன் செய்தார். ஆகஸ்ட் இதழாம். அடுப்பில் தோசை கருகியது, கருகட்டும்.

“ஒண்ணே ஒண்ணுக்கா. கதைல வார எல்லாருக்கும் பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறில வயசு போட்டிருக்கீய. நாய்க்கு மட்டுந்தான் போடல.”

சிரித்துவிட்டேன். பழக்கதோஷம். எடுத்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன்.

இவரிடம் சொன்னதற்கு, “நீ எழுதுத செய்தியே கத மாரிதான இருக்கும். அதாம்ட்டி அவன் வெட்டுதான்” என்றார். கடைக்குப் போகும் வழியில் அல்வா வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

ஜூலை 1

வயதை எடுக்க உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. கோமதித்தாய் (38). அது நிஜப் பெயர். நிஜ வயது. தெருவும் நிஜத் தெரு.

நாலு வருடத்துக்கு முன்னால் புளியங்குடி ரோட்டில் எலுமிச்சை ஏற்றி வந்த வேன் கவிழ்ந்தது. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் இறந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகு அவர் மனைவி கோமதித்தாய் ரோட்டில் சிதறிக் கிடந்த பழத்தைக் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டாள். அதைக் கடைசியில் நாலு வரி எழுதியிருந்தேன். வெட்டிவிட்டார்கள். அந்த நாலு வரிதான் இந்தக் கதை.

ஒரு பெயரைத் தப்பாக எழுதக்கூடாது என்று பழகிய கை, கதையிலும் சரியாகவே எழுதிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

“பேர மாத்திட்டு அனுப்பு” என்றார் இவர். “இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு அலையுத.”

“பேர மாத்துனா? ரோட்டுல பழம் பொறுக்குனது ஊருக்கே தெரியுமே.”

“அப்ப அந்தப் பிள்ளைட்டயே கேளு.”

“வேண்டாம்னுட்டா?”

“கத போச்சு. ஒம்பது வருசமா வெட்டுனதத் தாங்குனியே, இதத் தாங்க மாட்டியா?”

மாட்டேன். இங்கே மறைப்பானேன். ஞானபூரணம் என்று என் பெயர் அச்சில் வரப்போவது இதுதான் முதல் தடவை. ஆனால் அவளைக் கேட்காமல் வந்தால், அந்தப் பக்கத்தைச் சாமி முன்னால் எப்படி வைப்பேன்?

ஜூலை 28, திங்கள்

கோமதி அம்மன் கோயிலில் ஆடித்தபசுக் கொடியேற்றம். நேற்றே முன்செய்தி 15 வரி அனுப்பி 15-ம் வந்திருக்கிறது. அந்தத் தெம்பில் போன் செய்துவிட்டேன். அன்று அவள் சொந்தக்காரரிடம் பெயர், வயதோடு வாங்கிய நம்பர் பழைய நோட்டிலேயே இருந்தது. “நாளைக்கு சுத்துக்கு வாரேன்க்கா. அங்கன பாப்போம்” என்றாள் கோமதித்தாய்.

ஜூலை 29

ஆடிச்சுற்றாகக் கோயிலை நூற்றெட்டு முறை சுற்றி வருவதாக நேர்ந்து வந்திருந்தாள். நின்று பேசலாம் என்றேன்.

“நிக்கக் கூடாதுக்கா. நடந்துகிட்டே சொல்லுங்க.”

பிரகாரத்தில் அவள் வேகத்துக்கு மூச்சு வாங்க நடந்துகொண்டே முழுக்கதையும் சொன்னேன். முடித்த பிறகு இரண்டு சுற்று இன்னும் வேகமாக நடந்தாள். பிறகு, “இது எத்தனாவது சுத்து?” என்றாள். தெரியவில்லை. இரண்டு பேருமே எண்ணிக்கையை விட்டிருந்தோம்.

“எல்லாத்தையும் நோட்டுல ஏத்துதவிய, இத விட்டுட்டியளே. சரி, அம்மா எண்ணியிருப்பா.”

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் சொன்னாள்.

“நான் பழம் பொறுக்கலக்கா. அவரு செருப்பத் தேடுனேன். ஒரு காலுச் செருப்புதான் இருந்துச்சு. பாத்த எடமெல்லாம் பழமாக் கெடக்கு, எங்கனன்னு தேட? எடுத்து எடுத்து சாக்குல போட்டுத் தேடுனேன்.”

“கெடச்சுதா?”

“இல்ல.”

கதையைத் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே, “எழுதுங்க. பழமே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. பேர மட்டும் மாத்திருங்க. செருப்பு வேண்டாங்க்கா. அது என்னோட இருக்கட்டும்” என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 30

வேன் கவிழ்ந்த அன்றைக்கு அவளுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றேன். வேன் நம்பரைக் குறித்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாலு வரி வந்திருந்தால் பொய்ச்செய்தி. செல்வக்குமார் தம்பி நன்றாயிருக்கணும், அவர் கையில் கத்தரி கொடுத்த அம்மனும்.

செய்தியாக இருந்தால் மறுநாள் திருத்தம் போடணும். இது கதை. அவள் கேட்டுக்கொண்டாள், அதனால் தெரிந்தே திருத்தாமல் விடுகிறேன். இப்படி ஒரு காரியம் இதுவரை செய்ததில்லை.

கோமதித்தாயைப் பேச்சியம்மாள் ஆக்கினேன். தெருவை மாற்றினேன். வயது ஒருவருக்கும் இல்லை. காலையில் சாஜிதாவுக்கு அனுப்பியாகிவிட்டது.

ஆகஸ்ட் 7

தபசுக்காட்சி. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே போனில் 20 வரி தட்டினேன். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், நான் ஒற்றை விரலில் அடிக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆகஸ்ட் இதழ் இன்றுதான் வந்தது. இவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். ஒருவர் ஜெராக்ஸ் எடுக்கத்தானே கொடுக்கிறார் என்று நினைத்து, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போய்விட்டாராம்.

ஒரு பிரதியை அம்மன் காலடியில் வைத்து வாங்கினேன். இன்னொன்றோடு புளியங்குடி பஸ் ஏறினேன்.

கோமதித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உதடு அசைய, மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்தப் பேச்சியம்மா கடைசில சாக்க என்ன செஞ்சா?”

“தெரியல. அதோட முடிஞ்சிருச்சு.”

“மறுநா எலுமிச்ச மண்டில கொண்டு குடுத்திருப்பா. வச்சுக்கிட மாட்டா அவ.”

சொல்லிவிட்டு எனக்கு டீ போட உள்ளே போனாள்.

கதை: அனுப்பியது 212 வரி, வந்தது 212. அனுப்புமுன்னே வெட்டுப்பட்டது 1, அந்தச் செருப்பு. வெட்டியது நான்.