ரோட்டுக்கு இந்தப் பக்கத்துக் காணி

கிண்ணியா

அன்பு மகன் றுவைஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்தபடி இங்கே எல்லோரும் இருக்கிறோம், கத்தாரில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க என் துஆ. ஃபோன் இருக்க உம்மாவுக்கு என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். ஃபோனில் கதைத்தால் உங்கள் தங்கச்சி ஷிஃபானாவுக்குக் கேட்கும், குசினிக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைதான். அவளுக்கு இந்தக் கதை இன்னும் தெரியாது.

போன திங்கள் காணிக் கந்தோருக்குப் போனேன். வாப்பா மௌத்தாகி நாலு வருசம், நம் வீட்டுக் காணிக்கு அரசாங்கம் தந்த பெர்மிட் இன்னும் அவர் பேரில் கிடக்கிறது, ஷிஃபானா பேருக்கு மாற்றுவோம் என்று. நம் ஊரில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே. அவள் நிக்காஹ்வில் வாப்பா பள்ளிவாசல் தலைவருக்கு முன்னால், நீங்களும் பக்கத்தில் நிற்க, இந்த வீடு மகளுக்கு என்றார், ஊரே ஓம் என்றது. கந்தோரில் ஒரு வரி எழுதிவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு, பள்ளியில சொன்ன சொல்லை விட கடுதாசி பெரிசோ என்று ஏசினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளம் வந்த பிறகு அணை கட்டப் போன கதைதான் என் கதை. கந்தோரில் இருந்த பிள்ளை ஃபைலைப் பார்த்துவிட்டு, இது அரச காணி உம்மா, வாரிசு பேர் எழுதாம அவர் மௌத்து, நீங்க இருக்கிற வரைக்கும் இருக்கலாம், ஆருக்கும் எழுத ஏலாது, பிறகு மூத்த பிள்ளைக்குத்தான் போகும் என்றாள். மகளுக்குக் கொடுத்தாச்சே பிள்ளை என்றேன். சட்டத்தில அப்பிடி ஒண்டும் இல்ல உம்மா என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வெளியில் கிடந்த வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பஸ் ஏறி வந்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறேன், மரத்துப்போய், சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு அஸீமும் வாப்பாவும் ஒரே வருசம் குடிவந்து ஒரே கடலில் தொழில் செய்தவர்கள், சுனாமி இரண்டு வீட்டையும் ஒன்றுபோலத்தான் கொண்டுபோனது. ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி, இந்தப் பக்கம் பெர்மிட். அஸீம் உறுதியைப் பேங்கில் வைத்துப் படகு எடுத்தார், பிறகு ஐஸ் அறை, இப்போது கடைகள். வாப்பாவின் பெர்மிட்டைப் பேங்கில் தொட்டும் பார்க்கவில்லை, அதனால்தானே நீங்கள் கத்தார் போனது. அஸீம் கெட்டிக்காரன் என்கிறது ஊர். ஓம், கெட்டிக்காரன்தான். உங்கள் வாப்பாவும் மொக்கன் இல்லை மகன்.

மூத்த பிள்ளை என்றால் நீங்கள்தான் மகன். இந்த வீட்டுக் கூரையும் உங்கள் உழைப்பு, நான் மறக்கமாட்டேன். உங்கள் பெண்சாதி பஸ்மியாவுக்கு அவள் வாப்பா கொடுத்த வீடு இருக்கிறது, உறுதியோடு. லீவில் வந்து இந்த வாரிசு எனக்கு வேண்டாம் என்று கந்தோரில் கையெழுத்து வைத்தால் அடுத்த பிள்ளைக்குப் போகுமாம். வேணும் என்றால் வேணும் என்றே எழுதுங்கள், இப்போது எனக்கு எதுவும் வலிக்காது. நான் மூச்சு விடும் வரைதான் அவளுக்கு வீடு. அது தெரியாமல் காலையும் மாலையும் பிரஷர் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து நிற்கிறாள், போடுங்க உம்மா, நீங்களும் போயிடாதீங்க என்கிறாள். தெரிந்த பிறகும் அவள் அப்படித்தான் நிற்பாள். நான்தான், இது எனக்காகவா வீட்டுக்காகவா என்று அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவேன். அதற்கு முன்னால் எழுதுங்கள்.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். தொழுகையை விடவேண்டாம். பதிலைத் தபாலில் போடுங்கள், ஃபோன் எடுக்கவேண்டாம்.

உங்கள் உம்மா
சித்தி பரீதா