உப்பைக் கிளப்பிய கலப்பை

அம்மாவின் மடியை என்னோடு பங்கு போட்டுக்கொண்ட சவரிமுத்து அண்ணனுக்கு,

நீ போய் ஐந்து வருடம் ஆகிறது. கோயில் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார் பங்குச் சாமியார். எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அடையாற்றங்கரையில் நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் குத்தகைக்கு உழுத நன்செய் உனக்கு மறந்திருக்காது. அவருடையது மரக்கலப்பை. அது மண்ணைப் புரட்டாது. தண்ணீரில் நாலைந்து முறை கலக்கிச் சேறாக்கும், அவ்வளவுதான். அரைச் சாணுக்குக் கீழே மண் இறுகிக் கிடக்கும். அந்த இறுகல்தான் வயலில் தண்ணீரைப் பிடித்து வைத்தது.

நீ கலப்பைக் கம்பெனி ஆளாக வந்தாய். இரும்புக் கலப்பை, இரண்டு ஜோடி மாடு, வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்துக் குடியானவர்கள். எங்கள் வயலில் உழுது காட்டினால் நாலு பேர் வாங்குவார்கள் என்பது உன் கணக்கு. அந்தோணி உன் கையைப் பிடித்தார்.

“மச்சான், ஆழமா போவாத. கீய உப்பு கீது. மேல வந்துச்சுன்னா நாத்து நிக்காது.”

“இன்னா அந்தோணி, இத்தினி வருசமா மண்ணச் சொறிஞ்சிகினு இருந்தே. உழவுன்னா இன்னான்னு இப்பதான் பாக்கப் போற” என்றாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது அவர் முகத்தை நீ பார்த்தாயா?

இரும்புக் கொழு ஒரு சாணுக்கு மேல் இறங்கி, சாம்பல் நிறக் களிமண்ணைப் புரட்டி மேலே போட்டது. வெயிலில் அது செங்கல்லாகக் காய்ந்தது. கட்டியை உடைத்து நட்டோம். காலையில் பாய்ச்சிய தண்ணீர் மாலையில் இல்லை. பத்தே நாளில் வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. நாற்று நுனி கருகிற்று.

அதைக்கூட மன்னித்திருப்பேன். தப்பு யாருக்கும் வரும். ஆனால் நீ நிலக்காரருக்குக் கடிதம் எழுதினாய்: கலப்பையில் குறையில்லை, குடியானவன்தான் சோம்பேறி என்று. மயிலாப்பூரில் அவர் வாசலில் போய் நின்றேன்.

“உன் அண்ணாவே எழுதியிருக்கானே. இதுக்கு மேல நான் என்ன பண்றது?” என்றார்.

குத்தகை போயிற்று. மாம்பலத்தில் வீடு கட்ட ஏரியைத் தூர்த்தார்களே, அங்கே அந்தோணி மண்கூடை சுமந்தார். சைக்கிளில் அந்த வழியாகத்தானே போவாய், ஒருநாளாவது இறங்கினாயா?

நீ காய்ச்சலில் கிடந்தபோது வந்து கேட்டேன்: “ஏண்ணே அப்டி எழுதின?” நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் செத்துப்போனாய். நான் இனி யாரோடு சண்டை போடுவது?

இப்போதைய சேதியைக் கேள். அடுத்து வந்த குத்தகைக்காரரும் முடியாமல் விட்டுவிட்டார். நிலக்காரர் எங்களையே கூப்பிட்டனுப்பினார். வடிகால் வெட்டி, மூன்று மழைக்காலம் உப்பைக் கழுவினோம். தழை போட்டு, மரக்கலப்பையால் சேறு கலக்கி, அடிமண் மறுபடி இறுக மாடுகளை விட்டு மிதிக்க வைத்தோம். இந்தப் புரட்டாசியில் கட்டிய தண்ணீர் மறுநாளும் நின்றது. அந்தோணி வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

உன் கலப்பை? சைதாப்பேட்டைக்கு அப்பால் கரீம் பாய் தம் செம்மண் புன்செய்யில் ஓட்டுகிறார். அங்கே இறுகின மண் பொலபொலவென்று உதிர்ந்து, மழை உள்ளே இறங்குகிறது. வேர்க்கடலை நன்றாக வருகிறது. எனக்குக் கலப்பையின் மேல் கோபமில்லை. எந்த மண்ணுக்கு எது என்று அந்த மண்ணில் நிற்கிறவனைக் கேட்காத உன் மேல்தான். கேட்கத் தெரியவில்லையா, மனமில்லையா?

“அப்பா எப்டி இருப்பாரு, அத்தே?” என்று கேட்கிறாள் உன் மகள் ஆரோக்கியம். பூசையில் நீ பாடினால் கோயிலே நிமிர்ந்து பார்க்கும் என்று சொல்லியிருக்கிறேன். மீதியையும் சொல்வேன். வேறு யாராவது பூசி மெழுகிச் சொல்வதற்குள் நானே சொல்வேன். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றவும் வருவேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அந்தோணியின் மனைவி,
உன் ஒரே தங்கை,
மரியம்மாள்