செல்வி வராத நாளில் கிராபிக்ஸ் கார்டு

செவ்வாய், இரவு

இன்று முட்டைப் பண்ணையில் நடந்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை. விரிசல் முட்டைகளைக் கேமராவில் பார்த்துப் பிரிக்கும் கணினி காலையிலிருந்து திணறியது. வெளியே முட்டை ஏற்ற லாரி காத்து நின்றது.

"கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுங்களா?" என்று கேட்ட முதலாளியம்மா, புதிது வாங்கவே கிளம்பிவிட்டார்.

பண்ணைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நான் சோதித்துப் பார்த்தேன். கார்டு நன்றாகத்தான் இருந்தது. கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னல்தான், முட்டை பிரிக்கும் எங்கள் நிரலைக் கார்டிடம் அண்டவிடவில்லை. திரைக்கு முன் லாகின் செய்து உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே கார்டைத் தொட அனுமதி. தினமும் அப்படி உட்காருபவள் செல்வி. இன்று அவளுக்கு லீவு. ஆளில்லாமல் தானாகத் தொடங்கிய நிரல், படங்களை வேகமாக அலசும் கார்டு கிடைக்காமல் தடுமாறியிருக்கிறது. இத்தனை நாளும் செல்வியின் பேரில்தான் அது ஓடியிருக்கிறது என்பது எனக்கே தெரியாது! நிரலுக்கென்று தனி அனுமதி கொடுத்தேன். வேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் செல்விக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நா இல்லாட்டியும் ஓடுமுங்களா?"

"ஓடும் செல்வி."

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாளோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவளோ சிரித்தாள்.

"நல்லதாப் போச்சுங்கக்கா. நாளைக்கும் நா வரலீங்க."