ஷென் போயுவான் கரையை உடைக்கவில்லை

1984 அக்டோபர் 9, லைடன்

நாள் முழுதும் மழை. சைக்கிளில் வந்ததில் முழங்கால்வரை நனைந்து, அப்படியே முதலாம் ஆண்டு வகுப்பெடுத்தேன். ஒன்பது பேர். ‘கரை’ என்ற சீன எழுத்தை மூன்று விதமாகத் தப்பாகப் போட்டார்கள்.

எங்கள் சீனவியல் துறைக்கு ஒரு தடித்த உறை வந்திருந்தது. சீனாவின் தாவ்ஷி மாவட்டத்திலிருந்து, ஃபாங் ருவோலான் அனுப்பியது. மூன்று வருஷத்துக்கு முன் நான் அங்கே போனபோது, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக எடுத்துத் தந்த பெண்மணி. உள்ளே பன்னிரண்டு புகைப்படங்களும் நாலு வரிக் கடிதமும்.

“பேராசிரியர் வியர்ஸ்மா அவர்களுக்கு. நீங்கள் எழுதியதற்கு எதிரான காகிதம் இது. அனுப்பலாமா என்று நான்கு மாதம் யோசித்தேன். படித்துவிட்டுத் திட்டுங்கள்.”

அக்டோபர் 10

படித்தேன். மூன்று முறை.

பின்னால் எனக்கே குழப்பம் வராதிருக்க வரிசையாக எழுதி வைக்கிறேன். 1840களில் ஓர் ஆகஸ்டில் மஞ்சளாறு தாவ்ஷியில் கரையை உடைத்துக்கொண்டு போனது. பதினொரு கிராமங்கள் போயின. மாகாண ஆளுநர் சக்கரவர்த்திக்கு எழுதிய அறிக்கையில், மதில் சூழ்ந்த நகரத்தைக் காப்பாற்ற மாவட்ட அதிகாரி ஷென் போயுவான் வேண்டுமென்றே கிழக்குக் கரையை வெட்டிவிட்டார் என்று இருக்கிறது. ஷென்னை நாடு கடத்தினார்கள். மேற்கே போகும் வழியிலேயே இறந்தார். இதை வைத்துத்தான் 1961இல் ‘கரை உடைத்தவன்’ எழுதினேன். முப்பத்து நான்கு வயதில் என்னைப் பேராசிரியர் ஆக்கிய புத்தகம். பாடநூல்களில் ஷென்னின் பெயர் வருகிற இடமெல்லாம் என் அடிக்குறிப்பு.

ஃபாங் அனுப்பியது ஒரு மனு. மிஞ்சியவர்களில் ஏழு ஊர்த் தலைவர்கள் சேர்ந்து ஆளுநருக்குக் கொடுத்தது. கைநாட்டுகள் இருக்கின்றன. அதிகாரி ஷென் மூன்று நாள் எங்களோடு கரையில் நின்றார், கரையை யாரும் வெட்டவில்லை, உச்சி வேளையில் எங்கள் கண் முன்னால் தானாகப் போயிற்று, அவரைத் தண்டிக்காதீர்கள் என்கிறது. ‘பெறப்பட்டது’ என்று ஆளுநர் அலுவலக முத்திரை. அந்த முத்திரைக்கு மூன்று வாரம் கழித்துத்தான் ஆளுநரின் அறிக்கை.

அவருக்குத் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 12

வகுப்பெடுத்தேன். பட்டாணி சூப் வைத்தேன், குடிக்கவில்லை.

அக்டோபர் 19

பழைய குறிப்பு அட்டைப் பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கினேன். 1958 பெட்டியில் என் கையெழுத்தில் ஓர் அட்டை. ஆளுநர் அலுவலகப் பதிவேட்டின் அச்சுப் பிரதியிலிருந்து எடுத்த குறிப்பு. ‘ஷென் பற்றி ஏழு ஊர் மனு. பார்க்கவில்லை. தேவையில்லை.’

பார்க்க அப்போது வழியில்லைதான். சீனா எங்களுக்கு மூடியிருந்தது. அது சரி. ஆனால் தேவையில்லைன்னு ஏன் எழுதினேன்? எவ இவ? இந்தத் திமிர் யாருது?

என்னுதுதான்.

நவம்பர் 4

தீல் என்ற ஊருக்குப் போனேன். தம்பி சியூர்ட் அங்கே நீர்வாரியத்தில் கரை மேற்பார்வையாளன். வால் ஆற்றங்கரையில் இருபத்தாறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறவன். மனு உண்மையா போலியா என்பது என் கவலை. அதிகாரியின் எழுத்தர்களே ஊர்க்காரர்களை மிரட்டி இப்படி மனு எழுதி வாங்குவது அந்தக் காலத்தில் நடக்காததல்ல.

காபி குடித்துக்கொண்டே அவனுக்கு வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் ஜன்னல் வழியாக மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘உடைவதற்கு இரண்டு நாள் முன் கரைக்கு உட்புற வயலில் தரை தினைக்கஞ்சி போலக் கொதித்தது’ என்ற வரி வந்தபோது திரும்பினான். முன்பு படித்தபோது அதை நான் அபசகுன வர்ணனை என்று தள்ளிவிட்டிருந்தேன்.

“இரு அக்கா. கொதிச்சு வந்த தண்ணி தெளிவா இருந்துச்சா, மண்ணோட வந்துச்சா?”

அடுத்த வரியைப் பார்த்தேன். ‘வெள்ளை மணலைக் கக்கியது. நாங்கள் சாக்குகளை வளையமாக அடுக்கினோம்.’

சியூர்ட் கோப்பையைக் கீழே வைத்தான். “தண்ணி கரைக்கு அடியில குடைஞ்சுட்டு வருதுன்னு அர்த்தம். மணல் வந்தா கரை வயித்துக்குள்ள காலியாகுது. நாங்களும் இன்னைக்கு வரைக்கும் மூட்டையத்தான் வளையமா அடுக்கறோம். இது ஆபீசுல உக்காந்து எழுதற ஆளுக்குத் தெரியாது அக்கா. எழுதச் சொன்னவன் அந்தச் சேத்துல நின்னவன்.”

“வெட்டின கரையா இருக்க வாய்ப்பே இல்லையா?”

“ரெண்டு நாள் முன்னாடியே வயல் கொதிக்குது. தானே போகப் போற கரைய எவன் வெட்டுவான்?”

அவன் மனைவி இன்னொரு கோப்பை ஊற்றினாள். அதையும் குடித்தேன்.

நவம்பர் 20

ஃபாங்கிடமிருந்து இரண்டாவது கடிதம். தாவ்ஷி மாவட்டத்துக்குப் புதிய வரலாற்றுத் தொகுப்பு தயாராகிறதாம், ஏப்ரலில் அச்சுக்குப் போகிறது. அதில் ஷென் போயுவான் ‘மக்களை மூழ்கடித்தவர்’. ஆதாரம் நான். ‘வெளிநாட்டு அறிஞரே நிரூபித்தது’ என்று போட்டிருக்கிறார்களாம். அவர் மனுவைக் காட்டியபோது ஆசிரியர் குழுத் தலைவர் கேட்டாராம்: “காப்பக எழுத்தர் சொல்றதக் கேக்கறதா, லைடன் பேராசிரியர் சொல்றதக் கேக்கறதா?”

என் பெயரை வைத்தே ஃபாங்கின் வாயை அடைக்கிறார்கள். ஏப்ரலுக்குள் ஒரு திருத்தக் கட்டுரை எழுதி முடிக்க வேண்டும்.

டிசம்பர் 5

துறையில் சின்டர்கிளாஸ் திருநாள் கொண்டாட்டம். வழக்கம்போல ஒருவரை ஒருவர் கேலி செய்து பாட்டு எழுதினார்கள். எனக்கு வந்த பாட்டில், இருபது வருஷமாக மாணவர்களின் கட்டுரைகளில் கரை உடைக்கிற கிழவி என்று இருந்தது. எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு ரூட்கர் என் அறைக்கு வந்தான். என் மாணவன், இப்போது துறைத் தலைவன். மனுவை நவம்பரிலேயே காட்டியிருந்தேன். அவன் ஆய்வேடு முழுக்க, ஷென் கரையை வெட்டினார் என்று சொல்லும் என் ஆறாம் அத்தியாயத்தின் மேல் நிற்கிறது.

சிறிய துறைகளில் எதை மூடலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்திருக்கிறார்கள், மே மாதம் கூடுகிறது என்றான். எங்களிடம் காட்டுவதற்கு இருக்கிற பெரிய பெயர் என் புத்தகம்தான், அடுத்த ஆண்டு புதுப்பதிப்பும் வருகிறது.

“பொய் சொல்லச் சொல்லல மேடம். ஆறு மாசம் கழிச்சு உண்மையச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்.”

“ஏப்ரல்ல அச்சாகுது ரூட்கர்.”

“செத்துப்போய் நூத்தி நாப்பது வருஷம் ஆன ஆளு. அவருக்கு என்ன அவசரம்? இங்க சம்பளத்த நம்பி ஏழு பேர் இருக்கோம்.”

அவன் சொல்வது அற்பமான வாதம் அல்ல. அவனுக்கு இரண்டு குழந்தைகள். ஆனாலும் முடியாது என்றேன். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான். ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

1985 ஜனவரி 11

கட்டுரையில் ஒரு கேள்விக்கு நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் அந்த மனுவைத் தேடவில்லை?

பதில் ஏட்டில் இல்லை. 1953 பிப்ரவரியில் இருக்கிறது. ஸேலந்து மாகாணத்தில் கடல் கரையை உடைத்து உள்ளே வந்தபோது, அங்கே பள்ளி ஆசிரியையாக இருந்த என் தோழி மார்ட்யே போய்விட்டாள். நான் லைடனிலிருந்து மாணவர்களோடு லாரியில் போய் எட்டு நாள் மண்மூட்டை கட்டினேன். எட்டாம் நாள்தான் அவளைக் கண்டெடுத்தார்கள். காற்று, கடல், பழைய கரை, யாரும் காரணமில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை.

ஐந்து வருஷம் கழித்து ஒரு காகிதத்தில் ஒருவன் கரையை வெட்டினான் என்று எழுதியிருந்தது. பற்றிக்கொண்டேன். அந்த அத்தியாயத்தை ஒன்பது நாளில் எழுதினேன். அவ்வளவு வேகமாக வேறு எதையும் எழுதியதில்லை. கோபத்தில் எழுதியதை எல்லோரும் ‘உயிருள்ள நடை’ என்று பாராட்டினார்கள்.

இதைக் கட்டுரையில் போடுவதா? ஒரு பத்தி போடுகிறேன். அழாமல்.

ஜனவரி 24

புதுப்பதிப்பை ஒட்டி ஏற்பாடாகியிருந்த உரை. பெரிய அரங்கம், எண்பது பேர் இருக்கும். சியூர்ட் கோட்டு போட்டுக்கொண்டு கடைசி வரிசையில்.

“என் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம் தவறு,” என்று ஆரம்பித்தேன். “சந்தேகத்துக்கு இடமில்லை என்று அதில் எழுதியிருக்கிறேன். இடம் இருந்தது. அதை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.”

பிறகு ஒரு மணி நேரம் மனு, முத்திரை, தேதிகள், கொதித்த வயல்.

முடிந்ததும் கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது. முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்து, “அப்போ யார்தான் உடைச்சாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் உடைக்கல. அடியிலிருந்து போச்சு. பழுது பாக்க வேண்டிய கரைய ஆறு வருஷம் பாக்காம விட்டது ஆளுநர் அலுவலகம். அதுக்குக் காகிதம் இருக்கு. காகிதம் இருக்கற அளவுக்குத்தான் இனிமே சொல்லுவேன்.”

ரூட்கர் நாற்காலிகளை அடுக்க உதவிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 21

ஃப்ரீஸ்லாந்தில் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பதினொரு ஊர்களைச் சுற்றும் பனிச்சறுக்குப் பந்தயம். நாடே வேலையை விட்டுவிட்டது. சியூர்ட் போன் செய்து, “ஃப்ரீஸ்லாந்துல பொறந்தவ டிவி போடாம என்ன பண்ற?” என்றான். சீனத்தில் எழுதுகிறேன் என்றேன். எங்கள் ஆய்வுச் சஞ்சிகை கட்டுரையை வெளியிட ஒரு வருஷம் எடுக்கும், அதனால் தொகுப்புக் குழுவுக்கே நேராகச் சீனத்தில், கையெழுத்தில். இருபத்தொரு பக்கம். கடைசிப் பக்கத்தை மூன்று முறை திருப்பி எழுதினேன். ‘நான் தவறு செய்தேன்’ என்பதைச் சீனத்தில் பணிவாகச் சொல்ல ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. மிக நேரானதைப் போட்டேன்.

பிப்ரவரி 22

தபாலில் சேர்த்தேன். புதுப்பதிப்பு வேண்டாம், அல்லது ஆறாம் அத்தியாயத்தை நானே மாற்றி எழுதுவேன் என்று பதிப்பகத்துக்கும் எழுதிவிட்டேன்.

மார்ச் 29

பதிப்பகம் பதில். புதுப்பதிப்பு ‘ஒத்திவைக்கப்பட்டது’. மாற்றிய அத்தியாயம் விற்காது என்று அர்த்தம். இருக்கட்டும்.

தாவ்ஷியிலிருந்து ஒன்றுமில்லை.

மே 23

குழு முடிவு சொல்லிவிட்டது. துறை மூடப்படவில்லை. ஆனால் நான் ஓய்வு பெற்றதும் என் இடம் நிரப்பப்படாது. என் உரையால்தானா? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரூட்கர் நடைபாதையில் “குட் மார்னிங்” மட்டும் சொல்கிறான்.

மறுபடி இதே இடத்தில் நின்றால் இதையே செய்வேனா? செய்வேன். ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் ஆறு வருஷம் தள்ளிப்போட்டிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

1986 பிப்ரவரி 6

ரூட்கர் சஞ்சிகையில் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறான். என் திருத்தத்துக்கு மறுப்பு. மனு உண்மைதான், ஆனால் மற்ற நான்கு ஊர்கள் ஏன் கையெழுத்திடவில்லை என்று கேட்கிறான். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊர்களில் கையெழுத்திட யாரும் மிஞ்சவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நினைப்பு போதாது. அவன் அறைக்குப் போய்ச் சொன்னேன். “இத நீ முன்னாடியே கேட்டிருக்கணும்டா.” முதல் தடவையாகச் சிரித்தான்.

செப்டம்பர் 16

தாவ்ஷி தொகுப்பு வந்துவிட்டது. பச்சை அட்டை, இரண்டு கிலோ இருக்கும். ஷென் போயுவானுக்குப் பதினோரு வரி. ‘கரை உடைந்தது பற்றி இருவேறு சான்றுகள் உள்ளன’ என்று தொடங்குகிறது. முதலில் மனு, பிறகுதான் ஆளுநர் அறிக்கை. ‘மக்களை மூழ்கடித்தவர்’ இல்லை. என் பெயர் எங்குமே இல்லை. மனுவைக் கண்டெடுத்தவர் என்று ஃபாங் ருவோலான் பெயர் இருக்கிறது. அந்த வரியை உரக்கப் படித்தேன்.

நவம்பர் 18

லான்ஜோவிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார். ஷென் குவாங்யி, வயது எழுபத்தொன்று, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஷென் போயுவானின் கொள்ளுப்பேரன் மகன். தொகுப்புக் குழுவிடம் விசாரித்து என் முகவரி வாங்கினாராம். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவர்கள் வீட்டு வம்சாவளி ஏட்டில் அந்தத் தலைமுறைக்குப் பெயர் கிடையாதாம், வெறும் கோடு. அப்பா அந்தப் பெயரை அவர் காது கேட்கச் சொன்னதே இல்லையாம். “மனு கொடுத்த ஏழு ஊர்களின் பெயர்கள் வேண்டும். ஏப்ரலில், கல்லறைகளைச் சுத்தம் செய்யும் திருநாளில், அந்த ஊர்களுக்குப் போய் வணங்கிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். நடக்க முடியும்போதே போக வேண்டும். உங்களுக்கு வசதிப்படுமானால் வாருங்கள்.”

நவம்பர் 19

ஏழு பெயர்களையும் தூரிகையால் எழுதினேன். இந்த ஏழில் மூன்று ஊர்கள் இன்னும் இருக்கின்றன. மற்ற நான்கும் இன்றைய வரைபடத்தில் இல்லை. அவை ஆற்றின் எந்த வளைவில் இருந்தன என்று பக்கத்தில் குறித்தேன். மேலே ஷென் போயுவான் என்று முழுப் பெயரையும் எழுதி மை காயவிட்டு, மதியம் தபாலில் சேர்த்தேன்.

ஏப்ரல் முதல் இரண்டு வாரத்து வகுப்புகளை ரூட்கர் எடுத்துக்கொள்கிறான்.