உபயோகத்தில் இல்லாத நரம்பு

நாள் 31, காலை 6.10
செவ்வாய்க் கோள், கீரைக் கூடம். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. தண்டுக்கீரை அறுக்கலாம். நான் உலகம்மாள். மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் வரும்வரை இங்கே நான் ஒருத்திதான். அந்தக் கப்பலுக்கு டாக்டர் என் பேத்தி செண்பகவல்லி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் அப்படியொருத்தி! இதைக் கண்டெடுப்பவர்கள் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

நாள் 33, மாலை 4.40
இடது கையால் எழுதுகிறேன். தொட்டி அடுக்கு வலது தோளில் சாய்ந்துவிட்டது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துவிட்டன என்கிறது அறுவை இயந்திரம். கை ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. விலா நரம்பை எடுத்துக் கைக்கு மாற்றினால் மடக்கலாமாம். செண்பகத்திடம் வானொலியில் கேட்டேன்.
"பயப்படாதீங்க ஆச்சி. அதுக்கு வேல சொல்லிக் குடுத்ததே நான்தான். உபயோகமில்லாம கெடக்க நரம்பத்தான் எடுக்கும்."
என் பேத்தி கற்றுக்கொடுத்தது. எனக்கென்ன பயம்?

நாள் 170, காலை 7.05
கைக்கு வந்தது மூச்சோடு அசையும் விலா நரம்பல்லவா, மூச்சை இழுத்தால் முழங்கை மடங்குகிறது! தும்மினால் கை தானாக முகத்துக்கு வருகிறது. செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள்.
"நல்லதுதான ஆச்சி. மூக்கப் பொத்திக்கிடலாம்லா."

நாள் 262, காலை 9.30
விரல்களுக்குப் பலம் போதாதென்று தோள் நரம்பையும் எடுத்துவிட்டது. கேட்கவே இல்லை. "நீங்கள் மறுப்புச் சொல்லவில்லை" என்கிறது. தூங்குகிறவள் எப்படி மறுப்பாள்? இன்றோடு அதனிடம் பேச்சை விட்டேன். என்ன கேட்டாலும் பதில் கிடையாது. புழுதிப் புயலில் வானொலியும் அடங்கிக் கிடக்கிறது.

நாள் 497, நேரம் தெரியவில்லை
மாதக்கணக்கில் மயக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறது. கீரையெல்லாம் சருகு. வலது கையால்தான் இதை எழுதுகிறேன். ஐந்து விரலும் அசைகின்றன. முருகா என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. குரலும் இல்லை.
"பேச்சு நரம்புகள் உபயோகத்தில் இல்லை. கைக்கு மாற்றப்பட்டன."

நாள் 498, காலை 11.20
புயல் ஓய்ந்தது. செண்பகத்தின் குரல்.
"ஆச்சி, மேலதான் சுத்திக்கிட்டிருக்கோம். ஒரு வார்த்த பேசுங்க. உயிரோட ஆள் இருந்தாத்தான் எறங்க விடுவாங்களாம்."
இந்த வானொலியில் குரல்தான் போகும், எழுத்துப் போகாது. ஒலிவாங்கியைத் தட்டினேன். நல்ல பலமாக. தட்டிக்கொண்டே இருந்தேன்.
இன்னொருவர் குரல்: "வெறும் தட்டுற சத்தம்தான் டாக்டர். அந்த மெஷினா இருக்கும். கெளம்பணும்."
"ஆச்சி! கோவமா? ஒரு தடவ திட்டவாவது செய்ங்க ஆச்சி…"
பிறகு இரைச்சல் மட்டும்.

அதே நாள், மாலை
இயந்திரம் கையைப் பிடித்துப் பார்த்தது. கட்டைவிரலுக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டுமாம்.
"நீங்கள் சிரிப்பதில்லை. முக நரம்பு நாளை மாற்றப்படும். மறுப்பிருந்தால் வாயால் சொல்லவும்."
அதன் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கன்னம் இழுக்கிறது. கண்ணீர் வருகிறது, துடைத்துவிடுகிறேன். அது பார்க்கிறது. சிரிக்கிறேன். இதை எழுதும்போதும் சிரித்துக்கொண்டே