பதினோரு நதியா

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் பதினொன்றரை வாக்கில் சர்வர் படுத்துவிட்டது. திங்கட்கிழமைக் கூட்டம் வேறு. ஓ.பி. சீட்டு போடும் பெண் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். வரிசையில் நிற்பவர்களும் அவள் பார்க்கிற பக்கம் பார்க்கிறார்கள், நான்தான் ஏதோ பண்ணிவிட்ட மாதிரி.

அணைத்துப் போட்டேன், ஓடியது. இதெல்லாம் ஒரு வைத்தியமா? இந்த மலை ஆஸ்பத்திரியின் மொத்த நோயாளிக் கணக்கும் அந்த ஒரு யூனிக்ஸ் மிஷினில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

சாயங்காலம் தனசேகரன் சாரிடம் மறுபடி கேட்டேன். நிர்வாக அதிகாரி. பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து எம்.சி.ஏ. வரை என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர் பீரோவில்தான் இருக்கின்றன. வேலைக்குச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜூலை ஒன்றாம் தேதி நான் வேலூரில் புது வேலைக்குச் சேர வேண்டும். அசலைக் காட்டாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள்.

"இன்னாம்மா அவசரம்? சர்வரு இப்டி படுத்துக்கினு கெடக்குது, உன்ன எப்டி வுடறது?" என்றார்.

கிளமென்ட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வேலூர் பக்கம் கணியம்பாடியில் வீடு பார்த்து வெள்ளையடித்து வைத்திருக்கிறான். கல்யாணம் ஆனதிலிருந்து நான் லீவுக்கு வந்துபோகிற பெண்டாட்டி. "இந்தத் தடவயாவது வருவியா?" என்றான். கண்டிப்பா வர்றேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஜூன் 11, புதன்

மறுபடி படுத்தது. பேஜாராக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மெமரிதான், சந்தேகமில்லை. ராத்திரி பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ் ஒரு முறை மூடித் திறக்கும். அதனால் காலையில் பாதி மெமரி காலியாக இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. பதினொன்றுக்கு இடம் போதாமல், மெமரியில் வைக்க வேண்டியதை டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பிக்கிறது. அதோடு சரி, அப்புறம் ஒரு சீட்டு போட ஐந்து நிமிஷம்.

யார் தின்கிறார்கள்? அதுதான் தெரியவில்லை. அந்த நேரத்தில் சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள், ஆளுக்கு எவ்வளவு மெமரி என்று ஒரு பட்டியல் எடுத்தேன். சார் அதில் ஒரு நகல் கேட்டார். கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

கொடுத்திருக்கக் கூடாது.

மனுஷன் அதை எக்செல்லில் போட்டுக் கூட்டி வைத்திருக்கிறார். ஐந்நூற்றுச் சொச்சம் ஜிபி வருகிறது. மிஷினில் இருப்பதே பதினாறு.

"பதினாறுல ஐந்நூறு எப்டி சார் உக்காரும்?"

"அதனாலதாம்மா படுத்துக்குது."

பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஆறு ஜிபி சொச்சம் என்று காட்டும். அந்த ஆறு ஜிபி எல்லாருக்கும் பொதுவான ஒரே இடம். ஒவ்வொரு வரியிலும் அதையேதான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அதைப் போய்க் கூட்டினால்? "ஒரு வூட்ல ஆறு பேரு சார். தனித்தனியா கூப்ட்டு உங்க வூட்ல கெணறு இருக்குதான்னு கேட்டா, ஆறு பேரும் இருக்குதுன்னுதான் சொல்வாங்க. அதுக்காக ஆறு கெணறா?" என்றேன். சிரித்தார். தலையில் ஏறியதாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தார். "அத்த வுடு. இது இன்னா?"

நதியா. புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கி, அதற்கப்புறமும் நடந்து போகவேண்டிய ஒரு கிளை மையத்தின் நர்ஸ். இருப்பது ஒரு ஆள், ஒரு டேப்லெட். பட்டியலில் அவள் பெயர் பதினோரு தடவை. பதினோரு நதியா. மற்ற ஐந்து மலை மையங்களும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வரி.

"பாஸ்வேர்ட ஊருக்கே குடுத்து வெச்சிருக்குது அந்தப் பொண்ணு" என்றார்.

அவர் கூட்டியது தப்பு. ஆனால் பதினொன்று தப்பில்லையே.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

மேஜையில் ஒரு தாள், டைப் அடித்துத் தயாராக. மலை மையங்களின் இணைப்புகளே மெமரி பற்றாக்குறைக்குக் காரணம், ஆறையும் துண்டிக்கலாம் என்று நான் பரிந்துரைக்கிறேனாம். கீழே என் பெயர். பக்கத்தில் ஒரு பழுப்புக் கவர். என் சான்றிதழ்கள். சேர்ந்த நாளுக்கப்புறம் இன்றுதான் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

"கையெழுத்து போடு. லைன கட் பண்றோம், சர்வரு படுக்காம ஓடுது, நீ இத்த எடுத்துக்கினு கெளம்பு. மாசக் கடைசிக்குள்ள வூடு போய்ச் சேரு."

"அந்த நர்ஸுங்க இன்னா பண்ணுவாங்க சார்?"

"லைனே இல்லாத சென்டருக்கு நர்ஸ் எதுக்கு? கான்ட்ராக்ட் முடிஞ்சுது, அவ்ளோதான்."

கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் கூட்டிய கூட்டலை அவர் முழுசாக நம்புகிறார். அதுதான் இன்னும் மோசம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கை அந்தக் கவரைத் தொட்டுவிட்டுத்தான் வந்தது.

கிளமென்ட் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான்: "போட்டுட்டு வாடி. யாரு குடியும் கெட்டுடாது."

யார் குடியும் கெடாதா? தெரியாமல் எப்படிப் போடுவது? தெரிந்துகொண்டே போட்டுவிடலாமா? இந்த மலையும் அந்த பீரோவும். ரெண்டையும் விட்டுப் போனால் போதும்.

ஜூன் 21, சனி

நதியாவின் மையத்துக்குப் போய்விட்டு வந்தேன். சும்மா பார்க்க வந்தேன் என்றுதான் சொன்னேன். வெட்டி வைத்த பலாச்சுளையைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தாயா என்று கேட்க வாய் வரவில்லை.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மையத்தில் துளி சிக்னல் கிடையாது. பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால்தான் கிடைக்கும். செல்லி என்று ஒரு நிறைமாதக்காரி வந்திருந்தாள், பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. நதியா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள். திறந்தாள், பாதி எழுதினாள், சிக்னல் போயிற்று. மறுபடி திறந்தாள். இறங்கிப் போய் செல்லியின் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு ஏறி வந்தாள், மறுபடி திறந்தாள். பத்து நிமிஷத்தில் கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஜீப் அனுப்பினார். செல்லியைக் கட்டிலோடு ஜீப் நிற்கும் இடத்துக்குத் தூக்கிப் போய் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் எங்கள் டீ ஆறிப்போனதே தெரிந்தது.

"டெய்லி இப்டித்தான்க்கா. ஒரு பத்து தடவயாவது ஏறி எறங்கறேன்" என்றாள்.

பத்து தடவை ஏறினால், பட்டியலில் பத்து நதியாவா?

ஜூன் 23, திங்கள்

என் போனில் செய்து பார்த்தேன். சர்வருக்குள் நுழைந்து, நடுவில் சிக்னலைப் பிடுங்கினேன். பட்டியலில் என் பெயர் அப்படியே நின்றது. மறுபடி நுழைந்தேன், ரெண்டு சில்வியா. ஒரு மணி நேரம் கழித்தும் ரெண்டு சில்வியா.

சிக்னல் அறுந்தால் சர்வருக்கு யாரும் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. அதுவும் விடாமல் இடம் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. பொதுவான ஆறு ஜிபி போக, ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாகக் கொஞ்சம் மெமரி உண்டு. நதியாவுக்கு ஒன்று போதும், பதினொன்றுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆறு மையத்துக்கும் சேர்த்தால் பதினோரு மணிக்குள் மிஷின் நிரம்பாமல் என்ன செய்யும்?

மருந்து ஒரே வரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கியா?' என்று கேள், பதில் இல்லாவிட்டால் மூடிவிடு. செட்டிங்கில் அந்த வரியை நானே போட்டேன், யாரையும் கேட்கவில்லை.

கொடுமை என்னவென்றால், மலை லைனைத் துண்டித்தாலும் சர்வர் படுக்காமல் ஓடும். சார் சொன்ன காரணம் பொய், ஆனால் வைத்தியம் பலிக்கும். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்பதற்கும் ஆளில்லை.

ஜூன் 25, புதன்

ரெண்டு நாளாகச் சர்வர் படுக்கவில்லை. நதியா பட்டியலில் ஒன்று, எப்போதாவது ரெண்டு. நானே ஒரு அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவர் அடித்து வைத்த தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி வைத்தேன்.

படித்தார். நான் படிப்படியாகச் சொன்னதையும் கேட்டார். "ரெண்டு நாளு ஓடுனா ஆச்சா? மூணு மாசம் ஓடட்டும், பாப்போம். நடுவுல படுத்துதுன்னா யாரு பாக்கறது?"

"சார், ஒண்ணாந்தேதி நான் அங்க சேரணும்."

"நான் ஒரு வழி சொன்னேன். நீதான் வேணான்னுட்ட."

கவர் பீரோவுக்குள் போனது. சாவி சட்டைப் பைக்குள் போனது. கத்தியிருக்கலாம். கத்தினால் கொடுத்துவிடுவாரா? கம்முனு வந்துட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கு வேலூரில் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே கேன்டீன் உப்புமா.

ஜூலை 9, புதன்

அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். கிளமென்ட் திட்டவில்லை. "சரி வுடு" என்றான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு திட்டியிருப்பேன். வெறும் சரி வுடுவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வேறு வேலைக்கு அப்ளிகேஷன் போடலாம்தான். எங்கே போனாலும் முதலில் அசலைத்தான் கேட்பார்கள். ஒரு பீரோவுக்குள் என்னையே மடித்து வைத்த மாதிரி இருக்கிறது. சர்ச் பூசைக்கும் போகவில்லை. போய் இன்னான்னு வேண்டிக்கறது? சர்வர் படுக்கட்டும்னா, படுக்க வேணான்னா?

ஆகஸ்ட் 4, திங்கள்

படுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

நதியா கணக்கு கொடுக்க வந்தாள். செல்லிக்குப் பெண் குழந்தை, ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். இப்போதெல்லாம் சிஸ்டம் சீக்கிரம் திறக்கிறது என்று சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்வாள். அவள் நன்றியை வைத்துக்கொண்டு கிளமென்ட்டுக்கு என்ன பதில் சொல்வது? சொல்லாமல் இருக்கிறேன் என்றும் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

மூணு மாசம். ஒரு தடவை கூட இல்லை. போய் நின்றேன். ஆஸ்பத்திரி டிரஸ்ட் மீட்டிங் முடியட்டும் என்கிறார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கூப்பிட்டு விட்டார். கவர் மேஜை மேல் இருந்தது. தாள் ஒன்றும் இல்லை.

"மீட்டிங்ல பேசனோம்மா. சர்வரு தானாவே ஓடுது. அதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்குன்னு கேக்கறாங்க. எனக்கும் பதில் சொல்ல முடியல. இந்த வாரத்தோட முடிச்சிக்கலாம்."

தானாவே ஓடுதாம்.

அவர் எதிரிலேயே கவரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. "சந்தோஷம்தானே? போகணும் போகணும்னு நின்னியே" என்றார். ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்வது? வெளியே வந்து, சர்வர் அறையின் கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுவிட்டுப் போனேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஜீப் ஏறும் இடத்துக்கு நதியா வந்திருந்தாள், ஒரு பை சாமை அரிசியோடு. "உங்களுக்கு இன்னாக்கா, நெனச்சா போய்டலாம். குடுத்து வெச்சவங்க" என்றாள். மனசிலிருந்து சொன்னாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

போக வேணாம் என்று ஒருத்தர் கூடச் சொல்லவில்லை. அது ஏன் எனக்கு வலிக்க வேண்டும்? இத்தனை நாளும் வுட்டாப் போதும்னுதானே கெடந்தேன்?

அக்டோபர் 10, வெள்ளி — கணியம்பாடி

நேற்று வேலூர் பஸ் ஸ்டாண்டில் கிளமென்ட் வண்டியோடு நின்றிருந்தான். வருகிறேன் என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தேன். பையை வாங்கிக்கொண்டு, எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"எத்தன நாளு லீவு?"

கவரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில், ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். கடைசிச் சான்றிதழ் வரைக்கும் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மழை தூற ஆரம்பித்திருந்தது.

"ஏறு, வூட்டுக்குப் போலாம்" என்றான்.